பத்தாம் நாளை எங்கே தொலைத்தோம்?



புரட்டாசி அமாவாசை கழிந்தவுடன் கிள்ளான் பள்ளத்தாக்கில் நவராத்திரி களைகட்டிவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூக்கடைகளின் முன் கூட்டம் கூடுகிறது. தமிழகத்திலிருந்து வந்திறங்கிய கொலுப் பொம்மைகள் கடைகளில் அடுக்கப்படுகின்றன. கோயில்களில் இரவுதோறும் ஒரு குடும்பத்தாரின் உபயம். அம்மனுக்கு நாளுக்கோர் அலங்காரம். ஒன்பதாம் நாள் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் கலைமகள் வழிபாடு நடைபெறுகிறது. மாணவர்கள் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் உண்டு மகிழ்கிறார்கள்.

இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியன. ஆயினும், வகுப்பறையில் நிற்பவள் என்ற முறையில் என் மனத்தை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு செய்தியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒன்பது நாள்களையும் நாம் குறைவின்றிக் கொண்டாடுகிறோம். பத்தாம் நாளைத்தான் கைவிட்டுவிட்டோம். விழாவின் பொருள் முழுவதும் அந்தப் பத்தாம் நாளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒன்பது நாள்களின் வரிசை

தமிழர் வழக்கில் முதல் மூன்று நாள்கள் துர்க்கைக்கு உரியவை. அடுத்த மூன்று திருமகளுக்கு. இறுதி மூன்று கலைமகளுக்கு. வீரம், செல்வம், கல்வி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வரிசையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் அச்சம் நீங்க வேண்டும். பின்பு வயிறு நிறைய வேண்டும். அதன்பின்தான் கல்வியில் மனம் நிற்கும். பசியோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனைக் கண்ட எந்த ஆசிரியருக்கும் இவ்வரிசையின் உண்மை விளங்கும்.

வெற்றித் தெய்வமாகிய பெண் தெய்வத்தை வணங்குவது தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் எயினர்கள் கொற்றவையை வழிபடுகிறார்கள். மாமல்லபுரத்துக் குகைச் சுவரில், எருமைத் தலை அரக்கனோடு பொருதும் தேவியைப் பல்லவர் காலச் சிற்பிகள் 7-ஆம் நூற்றாண்டிலேயே செதுக்கி வைத்தார்கள். அந்தப் போர் வெற்றியில் முடிந்த நாளே விஜயதசமி என்பது புராணம். பெயரிலேயே வெற்றியும் பத்தும் அடங்கியுள்ளன.

இவ்விழாவைக் கொண்டாடும் மற்ற ஊர்களைப் பாருங்கள். மைசூரில் பத்தாம் நாளில்தான் சாமுண்டீசுவரி அம்மன் யானை மீது பொன் அம்பாரியில் ஊர்வலம் வருகிறார். கொல்கத்தாவில் பத்தாம் நாளில் துர்க்கையின் திருவுருவங்களை ஆற்றுக்குக் கொண்டுசென்று கரைக்கிறார்கள். (கொல்கத்தாவின் இத்திருவிழா 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.) வட இந்திய ஊர்களில் பத்தாம் நாளில் இராவணன் உருவத்தை எரிக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் சூரசம்காரம் நடைபெறுவதும் பத்தாம் நாள் இரவில்தான். யாழ்ப்பாணத் தமிழர் அந்நாளில் வாழையை வெட்டி மானம்பூத் திருவிழா நடத்துகிறார்கள். எங்கும் பத்தாம் நாளே உச்சம்.

அப்படியானால் வீட்டிலும் பள்ளியிலும் கலைமகளை வணங்கும் நமக்குப் பத்தாம் நாளின் உச்சம் எது? அடுக்கி வைத்த நூலைக் கையில் எடுத்துப் படிப்பதுதான்.

அடுக்குவதும் எடுப்பதும்

நம் பாட்டன் பாட்டியர் கடைப்பிடித்த முறை மிக எளிமையானது. ஒன்பதாம் நாள் நூல்களையும் எழுதுகோல்களையும் தொழிற்கருவிகளையும் தூய்மை செய்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, அம்மன் படத்தின் முன் வைப்பார்கள். அன்று அவற்றை யாரும் தொடக்கூடாது. படிக்கவும் கூடாது, தொழில் செய்யவும் கூடாது. மறுநாள் காலையில் மீண்டும் ஒரு சிறு பூசை. அதன்பின் நூலை எடுத்துச் சில வரிகளேனும் படித்தாக வேண்டும். கருவியை எடுத்துச் சிறிதேனும் வேலை செய்தாக வேண்டும்.

ஒரு நாள் தொடாமல் இருப்பது எதற்காக? மறுநாள் தொடும்போது அதன் அருமை தெரிய வேண்டும் என்பதற்காக என்றே நான் கொள்கிறேன். நாள்தோறும் கையாளும் பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு நாள் அதைத் தெய்வத்தின் முன் வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தால், இது இல்லாமல் நம் வாழ்க்கை இல்லை என்பது புரியும்.

ஆயுத பூசையில் இம்முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. தோட்டப்புறத்தில் பால்வெட்டும் கத்தியையும் வாளியையும் கழுவிப் பொட்டிட்டு வைத்த தலைமுறை நம்முடையது. இன்று கிள்ளான் துறைமுகச் சாலைகளில் ஓடும் லோரியின் ஓட்டுநர் தம் வண்டிக்கு மாலையிட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்கிறார். மறுநாள் அவர் வண்டியை எடுக்காமல் இருப்பாரா? எடுத்தே ஆக வேண்டும். அதில்தான் அவருடைய சோறு இருக்கிறது. பத்தாம் நாளை அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

நூலின் நிலை வேறு. நூலை எடுக்காவிட்டால் மறுநாளே யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆகவே, எடுக்கும் சடங்கு முதலில் சுருங்கியது. பின்பு பல வீடுகளில் மறைந்தே போயிற்று. அடுக்கும் சடங்கு மட்டும் நிலைத்துவிட்டது.

பள்ளிகளில் நான் காண்பது

2025-ஆம் ஆண்டில் கலைமகள் வழிபாட்டு நாள் அக்டோபர் 1, புதன்கிழமை. விஜயதசமி அக்டோபர் 2, வியாழக்கிழமை. இரண்டும் பள்ளி நாள்கள். நம் நாட்டில் நவராத்திரிக்குப் பொது விடுமுறை இல்லை. இதை ஒரு குறையாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு இது நல்வாய்ப்பாகவே தெரிகிறது. பத்தாம் நாள் காலையில் மாணவர்கள் நம் முன்னால்தான் அமர்ந்திருக்கிறார்கள். வேறு எந்த நாளும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

ஆனால் நடப்பது என்ன? ஒன்பதாம் நாள் மண்டபத்தில் மேசை போட்டு நூல்களை அடுக்குகிறோம். தீபாராதனை காட்டுகிறோம், படம் எடுக்கிறோம், பிரசாதம் வழங்குகிறோம். பள்ளி முடியும் மணி அடித்ததும் மாணவர்கள் தத்தம் நூல்களைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறார்கள். மறுநாள் வழக்கமான கால அட்டவணை. விஜயதசமி என்ற சொல்லே பல வகுப்பறைகளில் ஒலிப்பதில்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படுவதற்கு முன்பு, ஆறாம் ஆண்டு மாணவர்கள் பூசைக்கு எந்த நூலைக் கொண்டு வருகிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். கணிதப் பயிற்சி நூல்களும் ஆங்கிலப் பயிற்சி நூல்களும் குவிந்து கிடக்கும். தமிழ்மொழி நூல்கள் சிலவே இருக்கும். ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். "தமிழ்ல எப்படியும் பாஸ் பண்ணிருவேன் டீச்சர். கணக்குக்குத்தான் சாமி வேணும்" என்றாள். அந்தப் பிள்ளையை நான் கடிந்துகொள்ளவில்லை. தேர்வுக்கு வேண்டியதைக் கேட்கும் இடமாகவே கலைமகளை நாம் அவளுக்குக் காட்டியிருந்தோம். கற்பதில் உள்ள மகிழ்ச்சியை அவளுக்கு யார் காட்டினார்கள்? அம்மகிழ்ச்சிக்கு உரிய நாள் பத்தாம் நாள். அதுதான் நம் நாட்காட்டியில் இல்லையே!

ஏடு தொடக்கலும் அதற்குப் பின்னும்

பத்தாம் நாளின் இன்னொரு சடங்கு மட்டும் நம்மிடையே நன்றாகவே நிலைத்திருக்கிறது. அதுதான் குழந்தைகளுக்கு முதல் எழுத்தை எழுதக் கற்பிக்கும் சடங்கு. இலங்கைத் தமிழர் இதை 'ஏடு தொடக்கல்' என்பர். தொடர்வண்டித் துறைக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பணிபுரிய வந்து, பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள் அச்சமூகத்தினர். அவர்களோடு இந்த அழகிய சொல்லும் இங்கு வந்தது. தமிழகத்தில் திருவாரூர் மாவட்டத்துக் கூத்தனூர் கலைமகள் கோயிலுக்கு அந்நாளில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றனர். கேரளத்தில் மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சனின் ஊராகிய திரூரில், துஞ்சன் பறம்பு என்னும் இடத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுதத் தொடங்குகிறார்கள்.

தட்டில் பரப்பிய அரிசியில், பெரியவர் ஒருவர் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' என்று எழுத வைக்கிறார். குழந்தை சில வேளை சிரிக்கும். சில வேளை அழும். தாயின் கண்கள் கலங்கும். எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத காட்சி அது.

ஆனால் பதினொன்றாம் நாள் என்ன நடக்கிறது? அரிசியில் எழுதிய 'அ'வுக்குப் பின் 'ஆ'வை யார் எழுத வைக்கிறார்கள்? பெரும்பாலான வீடுகளில் அந்தத் தட்டு சமையலறைக்குத் திரும்பிவிடுகிறது. குழந்தையின் கைக்குக் கைப்பேசி வந்துவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து முதலாம் ஆண்டுப் பதிவின்போது அக்குழந்தை தமிழ்ப்பள்ளிக்கு வராமலும் போகிறது.

1816-இல் பினாங்கு பிரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கம். 2016-இல் அதன் 200-ஆம் ஆண்டைப் பெருமையோடு கொண்டாடினோம். இன்றும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நம்மிடம் உள்ளன. ஆனால் 2000-களின் பிற்பகுதியில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை இப்போது அதற்குக் கீழே இறங்கிவிட்டது. குடும்பங்களில் பிள்ளைகள் குறைந்தது ஒரு காரணம். தோட்டங்களிலிருந்து மக்கள் நகரத்திற்குப் பெயர்ந்தது இன்னொரு காரணம். பெற்றோரின் தேர்வும் ஒரு காரணம். எல்லாவற்றையும் பெற்றோர் மீது சுமத்துவது நேர்மையன்று. பள்ளியின் தொலைவு, வேலை நேரம், பிள்ளையைக் கொண்டுவிட ஆளில்லாமை என்று ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு நெருக்கடி உண்டு.

எனினும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் சரி, தெய்வத்தின் முன் எந்த எழுத்தில் தொடங்கினோமோ அந்த எழுத்தைத் தொடர வேண்டாமா? தொடங்கிய சடங்கைப் பாதியில் நிறுத்துவது முறையா?

எழக்கூடிய தடைகள்

"மலாய், ஆங்கிலம் இரண்டையும் பிள்ளை கற்க வேண்டும், சிலருக்குச் சீனமும் உண்டு. இதில் தமிழ் கூடுதல் சுமை" என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். அவர்களுக்கு நவராத்திரிப் பாடலின் வரலாற்றையே விடையாகச் சொல்வேன். வீடுகளில் இந்நாள்களில் பாடப்படும் சகலகலாவல்லி மாலையை இயற்றியவர் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமரகுருபரர். திருவைகுண்டத்தில் பிறந்தவர். காசிக்குச் சென்ற அவர், அங்கே மடம் அமைக்க மொகலாய ஆட்சியாளரிடம் பேச வேண்டியிருந்தது. அதற்கு இந்துத்தானி மொழி தெரிய வேண்டும். அம்மொழியறிவை வேண்டிக் கலைமகள்மேல் பாடிய பத்துப் பாடல்களே இம்மாலை என்பது மரபுவழிச் செய்தி.

இதைச் சற்றுச் சிந்தியுங்கள். பிறமொழி ஒன்றைக் கற்பதற்காகப் பாடப்பட்ட பாடல் தமிழில் பாடப்பட்டது! தமிழில் உறுதியாக நின்றவர் அயல்மொழியைக் கண்டு அஞ்சவில்லை. அயல்மொழி தேவைப்பட்டபோது தமிழை இறக்கி வைக்கவுமில்லை. பல மொழிகள் வழங்கும் இந்நாட்டில் வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இரண்டாவது தடை சமயம் பற்றியது. "தமிழ்ப்பள்ளியில் கிறித்துவ மாணவர்களும் இசுலாமிய மாணவர்களும் இருக்கிறார்களே" என்று ஆசிரியர்கள் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. பூசையில் கலந்துகொள்ளும்படி யாரையும் வற்புறுத்தக்கூடாது. நான் சொல்லும் பத்தாம் நாள் பூசையன்று, படிப்பு. எல்லா மாணவர்க்கும் அதில் இடமுண்டு. கேரளத்தில் கிறித்துவத் தேவாலயங்கள் சிலவற்றிலும் எழுத்துத் தொடங்கும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. எழுத்துக்கு எல்லாரும் உறவினர்தாம்.

மூன்றாவது தடை நேரம். பாடத்திட்டம், வகுப்புசார் மதிப்பீடு, போட்டிகள், பதிவேடுகள் என்று ஆசிரியரின் நாள் நிரம்பி வழிகிறது. நானும் அந்தச் சுமையைச் சுமப்பவள்தான். ஆகவே பெரிய விழா எதையும் கேட்கவில்லை. 20 நிமிடங்கள் போதும்.

என் பரிந்துரைகள்

1. ஒன்பதாம் நாள் பள்ளியில் அடுக்கிய நூல்களை அன்றே திருப்பித் தர வேண்டாம். பள்ளியிலேயே ஓரிரவு இருக்கட்டும். மறுநாள் காலைச் சபைகூடல் முடிந்ததும் ஒவ்வொரு மாணவனும் தன் நூலைத் தானே எடுத்து, தான் விரும்பும் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கட்டும். தலைமையாசிரியர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாரும் அப்போது படிக்கட்டும்.

2. பூசைக்கு வைக்கும் நூல்களில் ஒன்றேனும் பாடநூல் அல்லாத தமிழ்க் கதைநூலாக இருக்கட்டும். பள்ளி நூல்நிலையத்தில் தூசு படிந்து கிடப்பவற்றை எடுத்துத் துடைத்துக் கொடுங்கள். பத்தாம் நாள் படிக்கத் தொடங்கிய நூலை முடித்துவிட்டு நீலாம் வாசிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்.

3. ஆறாம் ஆண்டு மாணவர்கள் பாலர்பள்ளிக் குழந்தைகளின் கையைப் பிடித்து ஓர் எழுத்து எழுத வைக்கட்டும். கற்பிப்பவன் மறவான்; கற்றவனும் மறவான்.

4. பெற்றோர்களே, வீட்டில் விஜயதசமி மாலையில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அம்மன் படத்தின் முன் வைத்துவிட்டு நூலைக் கையில் எடுங்கள். அப்பா படிக்கட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோர் இருந்தால், பிள்ளை படிக்கட்டும், அவர்கள் கேட்கட்டும். அதில் தாழ்வு ஒன்றுமில்லை. தேசியப் பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இது இன்னும் தேவை.

5. கோயில் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏடு தொடக்கலுக்கு வரும் குழந்தைக்குப் பிரசாதத்தோடு ஓர் அரிச்சுவடியும் கொடுத்தனுப்புங்கள். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி, தமிழ்ப் பாலர்பள்ளி ஆகியவற்றின் முகவரிகளை அதன் பின்னட்டையில் அச்சிடுங்கள். ஓர் இரவு அலங்காரச் செலவில் ஒரு பகுதி போதும்.

இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. நம் முன்னோர் செய்து வந்ததை அப்படியே செய்வதுதான். அவர்கள் நூலைத் தெய்வத்தின் முன் வைத்தது, அதைத் திரும்ப எடுப்பதற்காக. எடுக்கப்படாத நூல் எவ்வளவு சந்தனம் பூசினாலும் வெறும் தாள்தான்.

நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு, வீட்டில் தமிழ் நூல் என்று சொல்ல பாடநூலைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர்கள் வாழ்நாளில் விரும்பிப் படிக்கும் முதல் தமிழ்நூல் நம் கையிலிருந்துதான் செல்ல வேண்டும். அதை ஒரு நல்ல நாளில் கொடுக்க வேண்டுமென்றால், விஜயதசமியைவிட நல்ல நாள் எது?

அடுத்த நவராத்திரிக்கு நாள் குறிக்கும்போது ஆசிரியர்கள் பத்து நாள்களாகக் குறியுங்கள். பெற்றோர்கள் உங்கள் பிள்ளையின் பள்ளியில் பத்தாம் நாள் என்ன நடக்கிறது என்று அன்போடு கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் பள்ளியில் இம்முறை ஏற்கெனவே இருக்குமானால், மற்றப் பள்ளிகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

நூல்களை அடுக்குவோம், மறவாமல் எடுப்போம், எடுத்துப் படிப்போம்!

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை